பழைய சோனகத் தெருவில் லித்தியம் காபனேற்று வாங்கும் கடை

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய மாடிப்படி ஒன்று ஏறுகிறது. அதன் மேலே இருக்கும் இரசாயனக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார நானா கேட்டுக்கொண்டார். படியின் அடியில் நீலப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏறினால் சரி.

நான் வெள்ளவத்தையில் வீட்டின் பின்னறையில் சிறிய மின்சூளை வைத்து மட்பாண்டம் செய்கிறேன். சூடு 1,220 பாகை வரை போகும். பாண்டத்தின் மேல் உருகிக் கண்ணாடியாகப் படியும் பூச்சுக்குத்தான் லித்தியம் காபனேற்று என்ற வெள்ளை உப்புத்தூள் வேண்டும். நூறு கிராம் கலவைக்கு மூன்று, நான்கு கிராம் போதும். கலவை முன்னதாகவே இளகி வழவழப்பாகப் பரவும். அதில் செப்பு ஒட்சைட்டு சேர்ந்தால் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான ஒரு நிறம் வரும். அந்த நிறத்துக்காகவே இந்த உப்பை விடாமல் வைத்திருக்கிறேன். அளவு மிஞ்சினால் மண் சுருங்கும் அளவுக்குப் பூச்சு சுருங்காது. விளிம்பிலிருந்து கூரான சில்லுகளாகத் தெறிக்கும்.

2019 வரை வேறொரு கடையில் வாங்கினேன். விலை மலிவு. மூட்டையிலிருந்து கரண்டியால் அள்ளி, பொலித்தீன் பையில் கட்டி, கணக்கைப் பேனாவால் பையிலேயே எழுதிக் கொடுப்பார்கள். என்ன பொருள் என்று ஓர் எழுத்துக்கூட இருக்காது. ஒருநாள் அந்தப் பையை, புறக்கோட்டையில் வாங்கிய மற்றச் சாமான்களோடு சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டார். அன்று பின்னேரம் அப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டிருந்தவர், "பிள்ளை, இந்த அப்பச்சோடா ஏன் இப்படிக் கட்டி பட்டிருக்கிறது?" என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்தபோது கையில் கரண்டி நிறைய வெள்ளைத் தூள்.

அந்தக் கரண்டியைப் பிறகு என் தராசில் வைத்தேன். மூன்று கிராம் காட்டியது. மனநோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கும் லித்தியம் குளிசையும் இதே காபனேற்றுத்தான். ஒரு குளிசையில் 300 மில்லிகிராம் என்று வைத்தால் அம்மாவின் கரண்டியில் பத்துக் குளிசை இருந்தது. அவருக்கு இரத்த அழுத்தம். தினமும் நீர் போகும் குளிசை எடுக்கிறார். அந்த வகைக் குளிசைகளில் பல, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். உடம்பில் அது தேங்கும். மூட்டு வலிக்கு எடுக்கும் ஐபுபுரோபனும் அப்படித்தான். இதையெல்லாம் அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். கை அதன் பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுவாரம் ஒரு சினேகிதி இந்தக் கடையைச் சொன்னார்.

முதல் தடவை போனபோது நானா சாமானை எடுக்கவில்லை. என்ன வேலைக்கு என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, எங்கே வைப்பீர்கள், முகக்கவசம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அம்மாவின் கதையைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சி, சாப்பாட்டுச் சாமானோடு ஒரே பையில் இதைக் கொண்டுபோகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தனிப் பையொன்றை எடுத்து வைத்தார்.

நிறுக்கிற முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னால் தனி அறை. அங்கே மின்விசிறி கிடையாது. புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இந்தத் தூள் மாவைவிட நைசாகப் பறக்கும். நிறுக்கும் பையன் தூசி வடிகட்டும் முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கரண்டியை உயரத்திலிருந்து கவிழ்க்காமல் டப்பாவின் அடிவரை இறக்கிக் கொட்டுகிறான். இந்த உப்பு நீரில் கரையும்போது சவர்க்காரக் கரைசலைவிடக் காரமாக இருக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தொண்டையில் போனால் இருமல் நிற்காது. சிந்தினால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். தும்புத்தடியால் கூட்டுவதை நான் அங்கே கண்டதில்லை.

டப்பா கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி. லேபிளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர், பொதி இலக்கம், நிறுத்துக் கட்டிய திகதி, சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் ஆச்சரியக்குறி, "விழுங்கினால் தீங்கு, கண்ணுக்குக் கடும் எரிச்சல்" என்ற வரி. பொருளின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாளின் பிரதியும் மடித்துத் தருவார். நான் இரண்டாம் முறை போனபோது தமிழ் வரிக்குக் கீழே கறுப்புப் பேனாவால் புதிதாக எழுதியிருந்தது: "அப்பச்சோடா போல் இருக்கும். சமையலறையில் வைக்க வேண்டாம்." சிங்களத்திலும் எழுதியிருந்தார்.

2022இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். எனக்கு முன்னால் நின்றவர் ஐம்பது வயதிருக்கும், கையில் பழைய மருந்துத் துண்டு. தம்பிக்கு எழுதிய லித்தியம் குளிசை ஏறி இறங்கிய மருந்தகங்களில் எங்கும் இல்லை. அதே உப்புத்தானே, கால் கிலோ தாருங்கள், வீட்டில் நிறுத்துக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினார். தம்பி மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். வியாபாரம் பார்க்கும் ஒருவர் அந்த நேரத்தில் நிறுத்துக் கொடுத்துவிடலாம். நானா அவரை உள்ளே அழைத்து நாற்காலியில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்.

மூட்டையின் முகப்பைக் காட்டினார்: தொழிற்சாலைத் தரம், 99 சதவீதம். மிச்சம் ஒன்றில் என்ன இருக்கிறது என்று மனிதர் விழுங்குவதற்காக எவரும் சோதித்ததில்லை. அதைவிடப் பெரிய விடயம் அளவு. 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் லித்தியம் உப்புகள் மனக்கொந்தளிப்பைத் தணிப்பதை எழுதி வெளியிட்டார். இன்றும் லித்தியம் எடுப்பவரின் இரத்தத்தைக் குறித்த இடைவெளியில் சோதிக்காமல் விடக் கூடாது. இரத்தத்தில் இருக்கும் லித்தியம் பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வரை இருந்தால் நோய்க்கு மருந்து, 1.5ஐத் தாண்டினால் வாந்தி, வயிற்றோட்டம், கைநடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம். அதற்கு மேல் போனால் சிறுநீரகமும் மூளையும். நானா இந்த எண்களைச் சொல்லவில்லை, அவர் சொன்னது இதுதான்: "உங்கள் வீட்டுத் தராசு ஒரு கிராம் பிசகினால் தம்பி தாங்கமாட்டார். இன்றைக்கே கிளினிக்குக்குப் போய், குளிசை இல்லை என்று வைத்தியரிடமே சொல்லுங்கள். அவர் வேறு வழி செய்வார்." பிறகு தனக்குத் தெரிந்த இரண்டு மருந்தகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அங்கும் இல்லை. அந்த மனிதர் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தம்பி என்ன ஆனாரோ என்று இன்றும் நினைப்பேன்.

லித்தியம் என்றதும் வெடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். எங்கள் மாடிக் குடியிருப்பில் அயலவர் ஒருவர் டப்பாவைக் கண்டு முறைப்பாடு செய்யப் போனார். தண்ணீர் பட்டால் சீறுவது லித்தியம் உலோகம். கைப்பேசி மின்கலத்தில் எரிவது அதற்குள் இருக்கும் கரைப்பான். அங்கே கரைந்திருக்கும் லித்தியம் உப்பு வேறு, அது ஈரம் பட்டால் ஐதரசன் புளோரைட்டு என்ற கொடிய வாயுவைத் தரும். காபனேற்று எரியாது, நீர் பட்டாலும் சீறாது, மெல்லக் கொஞ்சம் கரையும். அமிலத்தோடு மட்டும் நுரைத்து வாயு விடும்; ஆகவே வினாகிரியோடு சேர்த்து மூடிய போத்தலில் வைக்காதீர்கள். அயலவருக்குத் தரவுத்தாளைக் காட்டினேன். இப்போது அவர் வீட்டில் என் கோப்பை இரண்டு இருக்கின்றன. வெளிப்புறத்தில் மட்டும்தான் லித்தியப் பூச்சு. உள்ளே புளியும் ஊறுகாயும் படும் இடத்தில் அதை நான் பூசுவதில்லை.

கடையில் குறைகளும் உண்டு. விலை பழைய கடையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். தரவுத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். சூளையில் வேலை செய்யும் பலருக்கு அது வெறும் கடதாசி. லேபிள் மை ஈரக்கையில் கரைகிறது, நான் மேலே ஒட்டுநாடா ஒட்டிக்கொள்கிறேன். பூச்சு வாளியில் எஞ்சும் சேற்றைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். நான் அதைத் தெளியவிட்டு, மேல்நீரை அடுத்த வாளி கரைக்க வைத்துக்கொண்டு, அடிச்சேற்றை உடைந்த சட்டியில் காயவைத்துச் சூளையிலேயே சுட்டுக் கண்ணாடியாக்கிவிடுகிறேன். கால்வாயில் ஊற்றுவதில்லை.

தூள் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவச் சொல்வார் நானா. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தை உடனே அழைக்க வேண்டும், டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நஞ்சுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கரித்தூள் லித்தியத்தைப் பிடிக்காது. முற்றினால் இரத்தச் சுத்திகரிப்புத்தான். வைத்தியர் முதலில் கேட்பது என்ன உப்பு, எவ்வளவு என்பதுதான். அதற்கு லேபிள் இருந்தாக வேண்டும்.

போகிறவர்களுக்கு: காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் எடுத்துப் புறக்கோட்டையில் இறங்கி நடக்கலாம். வாகனம் நிறுத்த இடமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை பூட்டியிருக்கும். அட்டை வாங்கமாட்டார், காசுதான். வீட்டிலிருந்து போத்தலோ பால்மா டின்னோ கொண்டுபோக வேண்டாம்; எவ்வளவு வற்புறுத்தினாலும் அதில் நிறுத்துத் தரமாட்டார்.