ஒர்லாண்டோ பேக்கேஜ், மில்டன் புயல், என்னோட 3,140 டாலர்: வாட்ஸ்ஆப் குரூப்ல டூர் புக் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அட்லாண்டா வந்து சேர்ந்தோம். பெட்டியைக் கூட இன்னும் பிரிக்கல. தூக்கம் வரல, கோவம்தான் வருது, அதனால டைப் பண்ணிட்டு இருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

என்னை ஏமாத்தினவன் பேர் போட மாட்டேன். போட்டா பதிவைத் தூக்கிடுவாங்க, அப்புறம் அவன் என் மேலயே கேஸ் போடுவான். நம்ம தமிழ் ஆளு ஒருத்தன், சொந்தமா ஆபீஸ் எதுவும் கிடையாது, வாட்ஸ்ஆப் குரூப் வழியா வில்லா + தீம் பார்க் டிக்கெட் சேர்த்து பேக்கேஜ் விக்கிறவன். இது போதும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து ஆறு மாச விசிட்ல வந்திருக்காங்க. பசங்க ரெண்டு பேரும் தாத்தா பாட்டியோட டிஸ்னி போகணும்னு ஒரே அடம். ஆறு பேருக்கு நேரா புக் பண்ணலாம்னு பார்த்தா விலை கண்ணைக் கட்டுச்சு. அப்பதான் குரூப்ல இவன் விளம்பரம். ஒர்லாண்டோ பக்கத்துல கிஸ்ஸிமில நாலு பெட்ரூம் வில்லா, பின்னாடி ஸ்விம்மிங் பூல், அஞ்சு ராத்திரி, ஆறு பேருக்கும் ரெண்டு நாள் பார்க் டிக்கெட், எல்லாம் சேர்த்து 3,140 டாலர். ஆகஸ்ட்ல பேசினேன். "அண்ணா, கார்டுல போட்டீங்கன்னா மூணு பர்சன்ட் சார்ஜ் வரும், நம்மளுக்குள்ள எதுக்கு அது, பேங்க்லேர்ந்து நேரா அனுப்பிடுங்க"ன்னான். மூணு பர்சன்ட்னா 94 டாலர். அந்த 94 டாலரை மிச்சம் பண்ணத்தான் 3,140ஐயும் நேரா அனுப்பினேன். இந்த வரியை எழுதும்போதே என்னை நானே அறையலாம் போல இருக்கு.

சரி, புயலுக்கு வர்றேன். 2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, மெக்சிகோ வளைகுடால மில்டன்னு பேர் வச்சாங்க. முந்தின புயல் ஹெலீன் போய் பத்து நாள் கூட ஆகல, அதுக்குள்ள இன்னொண்ணு. ஃப்ளோரிடா கவர்னர் அன்னைக்கே பல கவுன்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எமர்ஜென்சி அறிவிச்சுட்டார். நாங்க திங்கக்கிழமை காலைல கிளம்பற பிளான். உடனே அவனுக்கு போன் போட்டேன்.

அந்த போன் கால்தான் எல்லாத்துக்கும் காரணம். எவ்ளோ நிதானமா பேசினான் தெரியுமா! "அண்ணா, பதினோரு வருஷமா இங்க இருக்கேன், புயல் எல்லாம் எங்களுக்கு தீபாவளி மாதிரி, வருஷா வருஷம் வரும். ஒர்லாண்டோ உள்நாட்டுல இருக்கு, கடல் பக்கமே கிடையாது. ஒருவேளை பார்க்கை மூடிட்டாங்கன்னா டிஸ்னிக்கே புயலுக்குன்னு ஹரிகேன் பாலிசி இருக்கு, முழுப் பணமும் வந்துடும், என் பொறுப்பு. அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காங்கன்னு சொன்னீங்களே, அவங்களை ஏமாத்திடாதீங்க, தைரியமா வாங்க." அம்மா அப்பாவைப் பத்தி அவனா ஞாபகம் வச்சுக் கேட்டதும் நான் அப்படியே கரைஞ்சுட்டேன். பக்கத்துல நின்னுட்டு இருந்த என் மனைவி "என்னங்க, அதை எழுத்துல வாங்குங்க"ன்னு சொன்னா. "நம்மாளுதான்மா, விடு"ன்னேன்.

அந்த பாலிசி உண்மையிலேயே இருக்கு, அதுதான் கொடுமை. புயல் எச்சரிக்கை குடுக்கற அரசாங்க ஆபீஸ் நேஷனல் ஹரிகேன் சென்டர் ஒர்லாண்டோ பகுதிக்கோ நம்ம வீட்டு ஏரியாவுக்கோ, நாம போய்ச் சேர வேண்டிய தேதிக்கு ஏழு நாளைக்குள்ள ஹரிகேன் வார்னிங் குடுத்தா, டிஸ்னி அவங்க பங்கு அபராதம் இல்லாம கேன்சல் பண்ணவோ தேதி மாத்தவோ விடுவாங்க. ஆனா அது அவங்ககிட்ட நேரா புக் பண்ணின பேக்கேஜுக்கும் ரூமுக்கும். எவனோ ஒருத்தனோட கிஸ்ஸிமி வில்லாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவன் வீட்டுக் குடையைக் காட்டி எனக்கு தைரியம் சொல்லியிருக்கான்.

ஞாயித்துக்கிழமை நியூஸ் மோசமாச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி மெசேஜ் போட்டேன், "நாளைக்கு கிளம்பலாமா, வில்லா இருக்கா?" ரெண்டே நிமிஷத்துல பதில். "வில்லா கன்ஃபர்ம்டு அண்ணா, டோர் கோட் அனுப்பறேன்", கூட ஒரு கட்டைவிரல். இந்த மெசேஜை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு கிளம்பினோம். ஐ-75ல தெக்கால போற பக்கம் கிட்டத்தட்ட காலி. ஜார்ஜியா பார்டரைத் தாண்டினதும் எதிர்ப்பக்கம் பார்த்தா வண்டிக்குப் பின்னாடி வண்டி, கூரை மேல மெத்தை, ஜெனரேட்டர், நாய்க்கூண்டு. ஊரே வடக்க ஓடுது, நாங்க மட்டும் மிக்கி காது மாட்டிக்கிட்டு புயலைப் பார்த்துப் போறோம். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வேதாரண்யம் பக்கம் எங்க ஊர், 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப ஒரே ராத்திரில தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துது, அதைக் கண்ணால பார்த்த மனுஷன். ஃப்ளோரிடாக்குள்ள கொஞ்ச தூரம் போனப்புறம் மெதுவா கேட்டார், "தம்பி, இங்க எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?" நான் சிரிச்சேன். இங்க கூண்டு இல்லப்பா, கேட்டகிரின்னு சொல்லுவாங்கன்னேன். "அது எத்தனை?"ன்னார். போனைப் பார்த்தா கேட்டகிரி 5, அதுதான் உச்சம், காத்து மணிக்கு 160 மைலுக்கு மேல. காலைல கிளம்பும்போது இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என் சிரிப்பு அங்கயே நின்னு போச்சு.

அப்ப திரும்பியிருக்கணும். திரும்பினா 3,140 டாலர் போயிடும்னு தோணுச்சு, போனா பத்திரமா சுவருக்குள்ள இருக்கலாம், பணமும் மிஞ்சும்னு ஒரு கணக்கு. போய்க்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் நாலு மணி வாக்குல வில்லா. அவன் அனுப்பின கோடை அமுக்கறேன், கீபேட்ல சிவப்பு லைட் மூணு தடவை மின்னுது, பூட்டு "கிர்ர்"ங்குது, அவ்ளோதான். மறுபடி. மறுபடி. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பூல் சேர் எல்லாத்தையும் தண்ணிக்குள்ள இறக்கி வச்சிருக்காங்க, காத்துல பறக்கக் கூடாதுன்னு அப்படிச் செய்வாங்களாம். கண்ணாடிக் கதவுக்கு உலோகத் தகடு அடிச்சாச்சு. விருந்தாளிக்காகக் காத்திருக்கிற வீடு இல்ல அது. அவனுக்கு போன், எடுக்கல. ஒன்பது தடவை போட்டேன்.

கராஜ் பக்கத்துல மெயின்டனன்ஸ் நம்பர்னு ஒரு ஸ்டிக்கர். அதுக்குப் போட்டா ஒரு அம்மா ஸ்பானிஷ் கலந்த இங்கிலீஷ்ல பேசினாங்க. ஓனர் ஞாயித்துக்கிழமை மத்தியானமே இந்த வாரத்து புக்கிங் எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டார், புக் பண்ணினவருக்கு முழுப் பணமும் திருப்பிட்டோம், உங்ககிட்ட சொல்லலையான்னு அவங்களே அதிர்ச்சியா கேட்டாங்க.

ஞாயிறு மத்தியானம் அவன் கைக்குப் பணம் வந்தாச்சு. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு "வில்லா கன்ஃபர்ம்டு அண்ணா". புரியுதா? கேன்சல் ஆயிடுச்சுன்னு சொன்னா பணத்தைத் திருப்பணும். நான் பயந்து போய் நானா வரலைன்னு சொன்னா திருப்ப வேண்டாம். நான் கேன்சல் பண்ணுவேன்னுதான் கட்டைவிரலைக் காட்டிட்டுக் காத்திருந்திருக்கான். நாங்க நிஜமாவே ஏழு வயசுக் குழந்தையையும் எழுபத்தொரு வயசு மனுஷனையும் கூட்டிட்டு புயலுக்குள்ள வந்து நிப்போம்னு அவன் எதிர்பார்க்கல போல. வந்து நின்னப்புறமும் போனை எடுக்கல பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

அந்த ஸ்பானிஷ் அம்மா நல்லவங்க, அவங்களே ரெண்டு மூணு இடத்துக்கு போன் போட்டு 192 ரோட்டுல ஒரு மோட்டல்ல ரெண்டு ரூம் பிடிச்சுக் குடுத்தாங்க. அங்க வாங்கின வாடகை தனிக் கதை.

செவ்வாய்க்கிழமை பார்க் திறந்துதான் இருந்துது. வில்லா போனா போகட்டும், பசங்க ஒரு நாளாவது பார்க்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன். பார்க்கிங் 30 டாலர். அவன் அனுப்பின பிடிஎஃப்ல இருந்த கன்ஃபர்மேஷன் நம்பரை கவுண்டர்ல இருந்த பொண்ணு மூணு தடவை அடிச்சுப் பார்த்துட்டு, இப்படி ஒரு நம்பரே எங்க சிஸ்டம்ல இல்ல சார்னு சொன்னா. டிக்கெட் வாங்கவே இல்லை அவன். ஏரிக்கு அந்தப் பக்கம் கோட்டை குட்டியா தெரிஞ்சுது. சின்னவ அதைக் காட்டி "பாட்டி, அதான்!"னா. அம்மா "அடேயப்பா, எவ்ளோ அழகா இருக்கு, நம்ம கொலுவுல வச்ச மாதிரியே இருக்கு"ன்னு அவளைத் தூக்கிக் காட்டினாங்க. புதுசா டிக்கெட் எடுத்தா ஆயிரம் டாலருக்கு மேல. திரும்பிட்டோம்.

வீட்டுக்குப் போயிடலாம்னா வழியெல்லாம் டேம்பா பக்கத்துலேர்ந்து கிளம்பின கூட்டம், பாதி பங்க்ல பெட்ரோல் இல்ல. அப்பாதான் முடிவு பண்ணினார். "புயல் அன்னைக்கு ரோட்டுல நிக்கக் கூடாது." பாத் டப்புல தண்ணி பிடிச்சு வைக்கச் சொன்னார். புதன் மதியம் ஒரு மணிலேர்ந்து டிஸ்னி பார்க்குகளை ஒவ்வொண்ணா மூடினாங்க, ஏர்போர்ட்டை காலைல எட்டுக்கே மூடியாச்சு. ராத்திரி எட்டரைக்கு மேற்குக் கரைல சியஸ்டா கீ கிட்ட மில்டன் கரையைக் கடந்துது, கேட்டகிரி 3ஆ குறைஞ்சு. எங்க மோட்டல்ல கரன்ட் போச்சு, ஜன்னல் விடிய விடிய அதிர்ந்துது, நாங்க தப்பிச்சோம். கிழக்குக் கரைல செயின்ட் லூசி கவுன்டில டொர்னாடோ அடிச்சு உயிர் போயிருக்கு, அதை நினைச்சா நான் பணத்துக்கு அழறதே அசிங்கமா இருக்கு. இருந்தாலும் 3,140 டாலர் 3,140 டாலர்தான். ஊர்க் காசுக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜையை மோட்டல் மேஜை மேல பசங்க கலரிங் புக்கை வச்சு முடிச்சுட்டு கிளம்பினோம்.

இனி அவன் சொன்ன பதில்களைக் கேளுங்க. வியாழக்கிழமைதான் முதல் பதில்: "அண்ணா சேஃபா? இங்க சிக்னல் இல்ல." சிக்னல் இல்லாதவன் புதன்கிழமை பூரா ஸ்டேட்டஸ் போட்டிருக்கான். பணம் கேட்டேன். "ஓனர் இன்னும் ரிலீஸ் பண்ணல." மெயின்டனன்ஸ் அம்மா சொன்னதைச் சொன்னேன். நாலு மணி நேரம் நீல டிக் மட்டும். அப்புறம், "டிக்கெட் பார்ட்னர்கிட்ட பேசிட்டு இருக்கேன்." அப்புறம், "2025 ஜூனுக்குள்ள யூஸ் பண்ணிக்கற மாதிரி கிரெடிட் தரேன், ஆனா லீவு சீசன்ல செல்லாது." எனக்குப் பணம்தான் வேணும்னேன். அதுக்கு ஒரு வாய்ஸ் நோட்: "அண்ணா, இது ஆக்ட் ஆஃப் காட், கடவுள் செயல், நான் என்ன பண்ண முடியும்?" கடவுள் ஞாயித்துக்கிழமை மத்தியானமே உன் அக்கவுன்ட்ல போட்டுட்டாரேடா! அதுக்கு பதில் இல்ல. பேங்க்ல கேட்டா, நீங்களா அப்ரூவ் பண்ணி அனுப்பினது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. குரூப் அட்மின் "பர்சனல் பிரச்சனையை இங்க போடாதீங்க ப்ரோ"ன்னு என் மெசேஜை டெலிட் பண்ணிட்டார். ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், பார்ப்போம்.

என்னென்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், கை ஓயுது. கார்டுல மட்டும் கட்டுங்க, அப்பதான் டிஸ்ப்யூட் போட்டு (ஏமாந்தா கார்டு கம்பெனிகிட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு) முறையிட முடியும். புயல் சீசன்ல, ஜூன்லேர்ந்து நவம்பர் வரை, அந்தப் பக்கம் போனா புக் பண்ணும்போதே இன்ஷூரன்ஸ் எடுங்க, புயலுக்குப் பேர் வச்சப்புறம் எடுத்தா அந்தப் புயலுக்கு செல்லாது. டிக்கெட் நம்பர் கைக்கு வந்த அன்னைக்கே பார்க்கோட ஆப்ல ஏத்திப் பாருங்க, ஏறலைன்னா அது வெறும் பேப்பர். வில்லா ஓனர் நம்பரைக் கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. மனைவி சொன்னா எழுத்துல வாங்குங்க.

இதை எழுதிட்டு இருக்கும்போதே போன்ல டிங்குன்னு சத்தம். அவனோட ப்ராட்காஸ்ட் லிஸ்ட்லேர்ந்து என்னை எடுக்க மறந்துட்டான் போல. "அனைவருக்கும் விஜயதசமி நல்வாழ்த்துகள்", கீழ அதே வில்லா போட்டோ, அதே நீலத் தண்ணி, தேங்க்ஸ்கிவிங் ஸ்பெஷல், ஆறு பேருக்கு 2,990 டாலர், கார்டு சார்ஜ் மிச்சம் பண்ண நேரா பேங்க்ல அனுப்பலாமாம்.