நான் எழுதாத ஃபீல்டு: ஜாவா இன்னர் கிளாஸோடு இத்தனை வருடம்

ஜாவா 6-இல் தொடங்கிய பிழைப்பு. இத்தனை வருடத்தில் என்னை அதிகம் திணறடித்தது, நான் எழுதாமலே கம்பைலர் சேர்த்துவிடும் திஸ்$0 (this$0) என்ற ஃபீல்டுதான். ஒரு கிளாஸுக்குள் எழுதும் இன்னர் கிளாஸ், தன் வெளி ஆப்ஜெக்ட்டை இதில்தான் வைத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட்டோடு சேர்ந்த (ஸ்டாட்டிக் அல்லாத) ஒரு மெத்தடுக்குள் அனானிமஸ் கிளாஸ் (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் இன்னர் கிளாஸ்) எழுதினால், கம்பைலர் வெளி ஆப்ஜெக்ட்டைக் கன்ஸ்ட்ரக்டருக்குச் சத்தமில்லாமல் அனுப்பி, அந்த ஃபீல்டில் போட்டுக்கொள்ளும்.

ஒருமுறை மெமரி ஏறிக்கொண்டே போனது. ஹீப் டம்ப்பை (மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்ட்களின் நகலை) திறந்தால், க்யூவில் காத்திருக்கும் ரன்னபிள்கள், அதாவது பிறகு ஓட வேண்டிய வேலைகள், அனானிமஸ் கிளாஸாக எழுதியவை. ஒவ்வொன்றும் நாலே வரி, வெளியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு திஸ்$0 வழியாக ஒரு முழு ரிப்போர்ட் ஆப்ஜெக்ட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. லாம்ப்டாவாக (கிளாஸ் இல்லாமல் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷனாக) மாற்றியதும் அடங்கியது. லாம்ப்டா, திஸ்ஸை, அதாவது தன்னைச் சூழ்ந்த ஆப்ஜெக்ட்டை, தொட்டால்தான் பிடிக்கும். தொடாவிட்டால் அதன் உடல் ஸ்டாட்டிக் மெத்தடாகிவிடும். ஆனால் உள்ளே ஒரு ஃபீல்டின் பெயரைச் சொன்னாலே போதும், ஆப்ஜெக்ட் முழுசாகக் கூட வந்துவிடும். அதனால் இன்றும் தேவையான மதிப்பை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொண்டுதான் லாம்ப்டா எழுதுகிறேன். ஜேடிகே 18 முதல், பயன்படாத திஸ்$0-ஐக் கம்பைலரே விட்டுவிடுகிறது. சீரியலைசபிள் (ஆப்ஜெக்ட்டை பைட்டுகளாகச் சேமிக்கக்கூடிய) கிளாஸுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஜாவாபி (javap) என்ற கருவியைப் போட்டு இன்னர் கிளாஸின் பைட்கோடைப் பாருங்கள்: திஸ்$0-இல் மதிப்பை எழுதும் புட்ஃபீல்டு கட்டளை, அப்பா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் சூப்பர் அழைப்புக்கு முன்னாலேயே இருக்கும். நம்மை அங்கே ஒரு வரி எழுத விடாத காலத்திலேயே, கம்பைலர் தனக்கு மட்டும் அந்த வழியை வைத்திருந்தது! காரணம் நியாயமானது. அப்பா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், நாம் ஓவர்ரைடு செய்த மெத்தடைக் கூப்பிட்டால், வெளி ஆப்ஜெக்ட் அப்போதே கையில் இருக்க வேண்டும். கம்பைல் செய்யும் இலக்குப் பதிப்பு (டார்கெட்) 1.4-க்கு முன்பு, திஸ்$0 வெற்று மதிப்பான நல் (null) என்று இருந்து வெடிக்கும். இப்போது வெளி ஆப்ஜெக்ட் கிடைக்கும், ஆனால் நம் சொந்த ஃபீல்டுகள் அந்த நேரத்தில் 0, நல் என்றுதான் நிற்கும். வீட்டுக்காரர் வந்தாயிற்று, வீடுதான் இன்னும் கட்டி முடியவில்லை.

சூப்பருக்கு அனுப்பும் லாம்ப்டாவில் சொந்த மெத்தடைக் கூப்பிட்டால் எரர். வெளி கிளாஸின் மெத்தடைக் கூப்பிட்டால் ஓடும். பாதி கட்டிய ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டைப் படிக்க வெரிஃபையர் (பைட்கோடைச் சரிபார்க்கும் ஜேவிஎம் பகுதி) விடாது என்பதால், கம்பைலர் திஸ்$0 ஃபீல்டை விட்டுவிட்டுக் கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரையே பயன்படுத்துகிறது. ஜாவா 25-இல் சூப்பருக்கு முன் நாமும் சொந்த ஃபீல்டில் எழுதலாம்; படிக்கத்தான் முடியாது.

ஒரே குறை. கன்ஸ்ட்ரக்டரின் நடுவில், திஸ்ஸைப் பிடித்த லாம்ப்டாவை வேறு த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் எண்ணிக்கையை 10 என்று வைத்தேன். அந்த த்ரெட் படித்தது 0. ஃபைனல் ஃபீல்டுதான், ஆனாலும் காப்பாற்றவில்லை. ஜேடிகே 21-இல் வந்த திஸ்-எஸ்கேப் எச்சரிக்கையை (கட்டி முடிக்காத ஆப்ஜெக்ட் வெளியே கசிவதைச் சொல்வது) போட்டுப் பார்த்தேன். அது கவலைப்படுவது சப்கிளாஸ்களுக்காக; என் கிளாஸ் ஃபைனல், அதற்கு சப்கிளாஸே வர முடியாது என்பதால் வாயே திறக்கவில்லை. இப்போது கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட்டாக்கி, ஒரு ஸ்டாட்டிக் மெத்தடில் ஆப்ஜெக்ட்டை முழுசாகக் கட்டிய பிறகே லாம்ப்டாவை வெளியே விடுகிறேன்.