ஓப்பன் யேல் கோர்ஸஸ்: சர்டிபிகேட் கிடையாது, ஆனா கேளுங்க

தத்துவம், இசை, வரலாறு, வானசாஸ்திரம்னு வேலைக்கு நேரா சம்பந்தமில்லாத பாடமா படிக்கிறத லிபரல் எடுகேஷன்னு சொல்றாங்க இல்லையா, அந்த கிளாஸ்கள அப்படியே வீடியோ எடுத்து 2007லேருந்து அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டி இலவசமா போட்டு வச்சிருக்கு. ரெஜிஸ்டர் பண்ண வேணாம், சர்டிபிகேட்டும் கிடையாது. "அப்ப எதுக்கு படிக்கிற?"ன்னு வீட்ல கேட்டாங்க. எஸ்பிஎம் (மலேசியாவுல ஸ்கூல் முடிக்கிற பரீட்சை) முடிச்ச எல்லா புள்ளைங்களும் கேட்டு சலிச்ச கேள்விதான்.

நான் கோலாலம்பூர்ல இன்சூரன்ஸ் கிளெய்ம்ஸ் பாக்கிறவன். கிள்ளான்லேருந்து கொமுட்டர் ரயில்ல வரும்போது கேக்கிறது, யேல்ல தத்துவம் சொல்லிக்குடுத்த ஷெல்லி கேகனோட மரணம் பத்தின கோர்ஸ். மனுஷன் மேசை மேல சம்மணம் போட்டு உக்காந்துகிட்டு, உடம்பு போனாலும் ஆத்மா இருக்கும்னு பிளேட்டோ வைக்கிற வாதத்த ஒவ்வொரு படியா பிரிச்சு எடுப்பாரு, இது சரியா, சரின்னே வச்சுக்குவோம், அதுலேருந்து அடுத்தது வருதான்னு. ஆத்மாவே கிடையாதுங்கறது அவரு முடிவு. கோயில் குளம்னு வளந்த எனக்கு அத ஏத்துக்க முடியல, ஆனா எந்த படியில நான் அவர விட்டு விலகுறேன்னு இப்ப சொல்லத் தெரியும். ஆபீஸ்ல நீளமா ஒரு கிளெய்ம் லெட்டர் வந்தாலும் அதே மாதிரிதான் படிக்கிறேன், எது காரணம், எது வெறும் கோவம், எந்த காரணம் எதுக்கு முட்டு குடுக்குதுன்னு. ஆபீஸ் அனுப்புன ட்ரெய்னிங் எதுலயும் இது கெடைக்கல, அங்க சாப்ட்வேர் மாறினா படிச்சதும் சேந்து போச்சு.

லீவு நாளுக்கு, அதே யேல்ல இசை சொல்லிக்குடுத்த கிரேக் ரைட்டோட லிசனிங் டு மியூசிக் கோர்ஸ். பெரும்பாலும் மேற்கத்திய இசைதான், ஆனா தாளத்தோட முதல் அடி எங்க விழுதுன்னு காத பழக்கி விட்டுடுவாரு. அதுக்கப்புறம் தைப்பூசத்துக்கு பத்துமலை போனப்ப, சின்ன வயசுலேருந்து மொத்தமா சத்தமா கேட்ட உருமி மேளத்துல யாரு தாளத்த புடிச்சு நிக்கிறா, யாரு அதுமேல ஏறி வெளையாடுறான்னு தனித்தனியா கேட்டுச்சு, காவடி தாண்டி போயும் நான் நகரல. சம்பளத்துக்கு இது ஒண்ணும் செய்யாது, செய்யவும் வேணாம்.

குறைன்னா தமிழ் சப்டைட்டில் இல்ல, வீடியோ பழசு. பெரிய குறை, சந்தேகம்னா கேக்க ஆள் இல்ல, தனியா கேட்டா பாதிதான் ஏறுது. பிரிக்பீல்ட்ஸ்ல தே தாரிக் குடிக்கிற நம்ம செட்டுல ரெண்டு பேர இழுத்து விட்டேன், இப்பதான் சண்டை சூடா போகுது. இங்கிலீஷ் வேகமா போனா லெக்சர் முழுக்க எழுத்தாவும் சைட்லயே இருக்கு, அத பக்கத்துல வச்சுக்குங்க. மரணம் கோர்ஸ் மொத்தம் 26 லெக்சர், தலைப்ப பாத்து ஒதுங்காம மொதல் ஒண்ண மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.