பழ ஸ்மூத்திக்குப் பாலா, தயிரா?

வாழைப்பழம், சப்போட்டா என்றால் நான் யோசிக்காமல் பாலைத்தான் எடுப்பேன். புளிப்பில்லாத பழங்கள், காய்ச்சிக் குளிரவைத்த பாலில் அவற்றின் வாசனை மறையாமல் நிற்கும். சர்க்கரையும் தேவையில்லை.

மாம்பழத்தில்தான் தயிர் வெல்கிறது. பங்கனப்பள்ளி போன்ற தித்திப்பான பழத்தைப் பாலில் அடித்தால் நான்கு மடக்குக்குள் திகட்டிவிடுகிறது. அதையே கெட்டித் தயிரில் அடித்துப் பாருங்கள்: தயிரின் புளிப்பு இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் பழத்தின் சுவை இன்னும் எடுப்பாகிறது. ஆனால் தயிர் முதல் நாள் இரவு உறை ஊற்றியதாக இருக்க வேண்டும். நன்றாகப் புளித்துப்போன தயிர் மாம்பழத்தையே விழுங்கிவிடும். ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களுக்கும் தயிரே சரி. அவற்றின் அமிலத்தால் பால் திரிந்துவிடும். தயிர் ஏற்கெனவே உறைந்தது, அதற்கு அந்தப் பயமில்லை.

அன்னாசி மட்டும் இரண்டோடும் மல்லுக்கு நிற்கும். அதிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி பால் புரதத்தை உடைப்பதால், சற்று நேரம் வைத்தாலே கசப்பு ஏறிவிடுகிறது. துண்டுகளைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. பப்பாளியிலும் பப்பைன் இதே வேலையைச் செய்யும். பாலோ தயிரோ, அடித்த கையோடு குடித்துவிடுங்கள்.