யூரோவிஷன் கிட்: எண்ணத் தெரிந்த கண்களுக்கு மட்டும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சைட்டாலஜி (சிறுநீரில் உதிர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) அறிக்கை "சந்தேகத்துக்கு இடமான செல்கள்" என்றதோடு நின்றுவிட்டால், அடுத்து தயங்காமல் கையிலெடுக்கக்கூடிய சோதனை அபாட் நிறுவனத்தின் வைசிஸ் யூரோவிஷன்; சிறுநீரில் உள்ள செல்களின் குரோமோசோம்களை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டி எண்ண வைப்பது. அமெரிக்காவில் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க 2001-லும், சிறுநீரில் ரத்தம் போகிறவர்களுக்கு 2005-லும் அனுமதி பெற்றது.

கிட்டில் நான்கு புரோப்கள், அதாவது குறிப்பிட்ட குரோமோசோம் பகுதியில் போய் ஒட்டி ஒளிரும் டிஎன்ஏ துண்டுகள். சாதாரணச் செல்லில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு புள்ளிகள் தெரியும். 3-ஆம் குரோமோசோம் சிவப்பு, 7 பச்சை, 17 வெளிர்நீலம், 9-ஆம் குரோமோசோமின் 9பி21 பகுதி பொன்னிறம். கட்டி வளராமல் தடுக்கும் பி16 மரபணு இருக்கும் இடம் இந்த 9பி21. 9-ஆம் குரோமோசோமின் பகுதிகளை இழப்பது இந்த நோயில் ஆரம்பத்திலேயே நடக்கும். தீவிரம் கூடும்போது மற்ற குரோமோசோம்கள் பெருகும். இரண்டையும் ஒரே ஸ்லைடில் காட்டுவதுதான் இதன் பலம்.

மாதிரி குறைந்தது 33 மி.லி. வேண்டும். இரண்டு பங்கு சிறுநீருக்கு ஒரு பங்கு கார்போவாக்ஸ் (செல்களைக் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து குளிர்ச்சியாக அனுப்புங்கள். அளவு குறைந்தால் செல்கள் போதாமல் ஸ்லைடு வீணாகும்.

தோற்றத்திலேயே கோளாறான செல்கள், அதாவது பெரிய, விளிம்பு ஒழுங்கற்ற, டாபி (டிஎன்ஏவை நீலமாக ஒளிரவைக்கும் சாயம்) திட்டுத்திட்டாக ஏறிய உட்கருக்கள், குறைந்தது 25 பார்க்க வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குரோமோசோம்கள் பெருகிய செல்கள் 4 இருந்தாலோ, பொன்னிறப் புள்ளி இரண்டுமே இல்லாத செல்கள் 12 இருந்தாலோ பாசிட்டிவ். இரண்டும் எட்டவில்லை என்றால் ஸ்லைடு முழுவதையும் பார்த்த பிறகே நெகட்டிவ் எழுத வேண்டும்.

பொன்னிறம்தான் படுத்தும். புரோப் உள்ளே போக வழிவிடும்படி செல்லின் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியில் ஸ்லைடை 37 டிகிரியில் 10 நிமிடம் வைக்க வேண்டும். செரிமானம் போதாவிட்டால் புரோப் உள்ளே போகாது, இல்லாத இழப்பு தெரியும். பக்கத்திலுள்ள வெள்ளணுக்களைப் பாருங்கள். அவற்றிலும் பொன்னிறம் காணோம் என்றால் கோளாறு ஸ்லைடில்தான், திரும்பப் போடுங்கள். ஒட்டாத புரோப்பை நீக்கும் 73 டிகிரி கழுவலுக்கு வாட்டர் பாத் திரையை நம்பாமல், ஜாடிக்குள்ளேயே தெர்மாமீட்டர் வையுங்கள். ஒரே நேரத்தில் பல ஸ்லைடுகளை இறக்கினால் சூடு இறங்கிவிடும்.

இன்னொரு பொறி, நான்கு நிறத்திலும் சரியாக நான்கு நான்கு புள்ளிகள் உள்ள செல். சிறுநீர்ப்பையின் உள்வரியில் மேலாக இருக்கும் குடைச் செல்களிலும், பிரிவுக்குத் தயாராகும் சாதாரணச் செல்களிலும் இது இயல்பு. இதைப் பெருக்கம் என்று கணக்கில் சேர்த்தால் நோயில்லாதவருக்கு நோய் எழுதிவிடுவோம். அறிக்கையில் தனியாகக் குறிப்பிடுவதே நியாயம்.

தீவிரம் குறைந்த, மேலோட்டமான கட்டிகளில் குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாது என்பதால் அவற்றில் பல தப்பிவிடும். ஆகவே கேமரா குழாயை உள்ளே விட்டு சிறுநீர்ப்பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபிக்கு இது மாற்று அல்ல. உள்வரியைத் தாண்டாத, தட்டையான புற்றுநோயான கார்சினோமா இன் சிட்டுவில்தான் நன்றாகக் கைகொடுக்கிறது. பாசிட்டிவ் வந்தும் சிஸ்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாவிட்டால் சோதனை பொய் என்று ஒதுக்காதீர்கள்: சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயையும், சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் பகுதியான சிறுநீரக இடுப்பையும் பார்க்க வேண்டும், கண்காணிப்பையும் நெருக்கமாக்க வேண்டும்.

விலை அதிகம், ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப், நிறத்துக்கேற்ற ஃபில்டர்கள் வேண்டும், புரோப் டிஎன்ஏவில் ஒட்டும் ஹைப்ரிடைசேஷன் இரவு முழுக்க நடக்கும் என்பதால் முடிவு மறுநாள்தான். எப்போதாவது ஒரு மாதிரி வரும் லேப் இதை வாங்க வேண்டாம், எண்ணும் கண் பழக்கம் விட்டுப்போகும். வாங்குகிறவர்கள் ஒவ்வொரு ஸ்லைடையும் இருவர் தனித்தனியே எண்ணும்படி ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள்.