வீட்டு ஏலத்தை நிறுத்தித் தருவதாகச் சொன்னவர்களிடம் 1,38,000 ரூபாயை இழந்தேன்

நேற்றுப் பிற்பகல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞர் என் கையிலிருந்த மனு நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வழக்குக்கு நம்பரே ஆகலைம்மா, ரிட்டர்ன் ஆகியிருக்கு" என்றார். இரண்டு மாதங்களாகத் "தடையாணை வாங்கியாச்சு" என்று என்னை நம்பவைத்த காகிதம் அது. அதற்கும் அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட பொய்களுக்கும் சேர்த்து நான் கொடுத்த தொகை 1,38,000 ரூபாய். என்னைப் போல வங்கி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றே இன்றே எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூரில் ஆறு பவர் டேபிள் வைத்துத் தையல் ஜாப் ஒர்க் செய்துவந்தோம். ஆர்டர் குறைந்து, வர வேண்டிய பணமும் நின்றுபோனதில் வீட்டுக் கடன் தவணை தவறியது. மூன்று மாதங்களுக்கு மேல் கட்டாததால் கணக்கு வாராக்கடன் ஆகி, பிப்ரவரி முதல் வாரத்தில் அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் 13(2) பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்தது. 60 நாட்களுக்குள் 18,60,000 ரூபாயைக் கட்ட வேண்டும், இல்லையேல் வீட்டைக் கையகப்படுத்துவோம் என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் இருந்த அந்த எட்டுப் பக்கங்களை எங்கள் வீட்டில் யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

கடன் தீர்வு ஆலோசனை மையம் ஒன்றின் காணொளியை அப்போதுதான் பார்த்தேன். "வீட்டு ஏலத்தைத் தடுக்கிறோம், கடனைப் பாதியாகக் குறைக்கிறோம்" என்றார்கள். மறுநாளே நானும் என் மாமியாரும் போனோம். நாங்கள் ஏமாந்த இடம் எது என்று இரவெல்லாம் யோசித்ததில், அந்த மையத்தை நடத்தியவர் நோட்டீசைப் படித்துக் காட்டிய அரை மணி நேரம்தான் என்று இப்போது தெரிகிறது. அவர் பணம் பற்றி வாயே திறக்கவில்லை. வரிவரியாகத் தமிழில் சொன்னார், மாமியாருக்கு விளங்காத இடத்தில் திரும்பவும் சொன்னார். வங்கியில் யாரும் எங்களை உட்காரவைத்துப் பேசியதில்லை. கடைசியில், "இது சும்மா மிரட்டல் நோட்டீசுங்க அக்கா. இதுக்குப் பதிலே போட வேண்டாம். இனி பேங்க்ல இருந்து போன் வந்தா எடுக்காதீங்க, எங்க நம்பரைக் குடுத்துருங்க" என்றார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றிரவு நான் தூங்கினேன்.

முதலில் கோப்புக் கட்டணம் என்று 18,000 ரூபாய். அதற்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். மார்ச்சில் தடையாணைக்கு 70,000 ரூபாய் கேட்டார்கள். மகளின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். ஏப்ரலில், வங்கியுடன் ஒரே தவணைத் தீர்வு பேசி முடிக்க இன்னும் 50,000 ரூபாய். பின்னிரண்டு தொகைகளையும் ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள், நானும் அனுப்பினேன். ஆக 1,38,000 ரூபாய். அதில் 1,20,000 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

ஏப்ரல் கடைசியில் வங்கி அலுவலர்கள் வந்து, வீட்டைச் சட்டப்படி சுவாதீனம் எடுத்துவிட்டதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த சில நாட்களில் அதே அறிவிப்பு செய்தித்தாளிலும் வந்தது. தடையாணை இருக்கும்போது இது எப்படி என்று கேட்கப் போனபோது, முதல் நாள் பேசியவர் இல்லை. "சார் கோர்ட்ல இருக்காரு" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அடுத்த வாரம், "ஆர்டர் டைப் ஆயிட்டு இருக்கு." மே மாதம் முழுவதும், "கோர்ட்டுக்குக் கோடை விடுமுறைங்க, திறந்ததும் வந்துரும்." வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவற்றுக்கெல்லாம் நீலக் குறி மட்டும் விழுந்தது. ஒருநாள் படியிலேயே அவரைப் பிடித்துக் கேட்டபோது, "உங்களுக்கு ஒருத்தருக்கு மட்டுமா நான் வேலை செய்யறேன்?" என்றார். பிப்ரவரியில் என் மாமியாருக்கு டீ வாங்கிக் கொடுத்து அக்கா, அம்மா என்று பேசிய அதே மனிதர்.

சந்தேகம் முற்றியது அவர் கடைசியாகக் கேட்ட 60,000 ரூபாயில்தான். "மஞ்சக் கடுதாசி குடுத்துரலாம், அப்புறம் வீட்டை எவனும் தொட முடியாது" என்றார். எங்கள் தெருவில் நூல் வியாபாரம் செய்த ஒருவர் அப்படித்தான் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்தும், அடமானத்தில் இருந்த அவர் வீடு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ்தான் மனுச் செய்ய வேண்டும் என்றும், வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கியின் உரிமையை அந்தச் சட்டம் தொடுவதில்லை என்றும் நேற்று அந்த வழக்கறிஞர் விளக்கினார். 2016இல் வந்த புதிய நொடிப்புச் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறதாம்.

அவர் சொன்ன மற்றவை இதைவிட வலித்தன. அந்த மையத்தார் மனுப் போட்ட இடமே தவறு. சர்ஃபாசி நடவடிக்கையை எதிர்த்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று அந்தச் சட்டத்தின் 34ஆவது பிரிவே சொல்கிறது. போக வேண்டிய இடம் கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதற்கும் சுவாதீன நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாட்கள்தான் அவகாசம், அதில் நேற்றோடு 38 நாட்கள் கழிந்துவிட்டன. எங்கள் கடன் தொகைக்கு அங்கே கட்ட வேண்டிய மனுக் கட்டணம் 7,250 ரூபாய். 7,250 ரூபாயில் முடிய வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் என்னிடம் 1,38,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். "பதிலே போட வேண்டாம்" என்று தடுத்த அந்த 13(2) நோட்டீசுக்கு நாங்கள் ஆட்சேபணை எழுதியிருந்தால், வங்கி 15 நாட்களுக்குள் காரணம் சொல்லிப் பதில் தந்திருக்க வேண்டும். அங்கிருந்து நேரே வங்கிக்குப் போனேன். கிளை மேலாளர், "மார்ச்சில் வந்திருந்தால் தவணையை மாற்றி அமைப்பது பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். நீங்கள்தான் போனையே எடுக்கவில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் காகிதங்களை அடுக்கும் வேலை காத்திருக்கிறது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வங்கியோடு பேச வேண்டாம் என்று சொல்பவரிடம் இருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். வழக்குப் போட்டாயிற்று என்றால் எஸ்.ஆர். எண்ணைக் காட்டி ஏமாற்றுவார்கள். அது மனுவைத் தாக்கல் செய்யும்போது போடும் எண், வழக்கு எண் அன்று. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கே போகலாம். எனக்கு இது பிப்ரவரியில் தெரிந்திருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையத்திலும் 1,38,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு மனுச் செய்யப்போகிறேன். அதற்கு முன்னால் வீடு. ஜிபே பதிவுகளையும் கதவில் ஒட்டிய அறிவிப்பையும் நகல் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பேருந்தில் கோயம்புத்தூர் போகிறேன். மாமியாரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.