கை ஃபிளேரா, பாராசூட் ராக்கெட்டா?

படகில் இடம் கொஞ்சம். ஆபத்தில் உதவி கேட்டு வெளிச்சம் காட்ட, கையில் பிடித்து எரிக்கும் ஃபிளேரை வாங்குவதா, மேலே ஏறிப் பாராசூட்டில் தொங்கியபடி எரியும் ராக்கெட்டை வாங்குவதா என்று தயங்குகிறவர்களுக்காக, சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச அளவுகள்:

உயரம்: ராக்கெட் 300 மீட்டர் ஏறும், கை ஃபிளேர் நம் கை எட்டும் உயரம்தான்.
எரிவது: ராக்கெட் 40 விநாடி, கை ஃபிளேர் 1 நிமிடம்.
வெளிச்சம்: ராக்கெட் 30,000 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), கை ஃபிளேர் 15,000.

கையாள்வதில்தான் பலர் தவறுகிறார்கள். கை ஃபிளேரைக் காற்று போகும் பக்கமாகப் படகுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். எரிந்து சொட்டும் கசடு ரப்பர் மிதவையில் விழுந்தால் ஓட்டைதான். ராக்கெட்டுக்குத் தாழ்ந்த மேகம் எதிரி. உள்ளே போனால் வெளிச்சம் மறைந்துவிடும்.

கரை தெரியாத தூரம் போகிறவர்களுக்கு ராக்கெட் கட்டாயம் வேண்டும். கரையோரம் என்றால் கை ஃபிளேர் போதும். அப்புறம், மீட்க வரும் ஹெலிகாப்டர் நெருங்கிவிட்டால் ராக்கெட்டைத் தொடவே கூடாது. அப்போது கை ஃபிளேர்தான்.